துப்பாக்கி விளையாட்டைப் பற்றி எழுதுபவர் முதலில் அதை விளையாடிப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கி ஏந்திச் சுடும் வீடியோ கேம்கள் பிள்ளைகளின் மனத்தைக் கல்லாக்கிவிடுகின்றன என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அரைப் பக்கக் கட்டுரை. அதில் ஒரு விளையாட்டின் பெயர்கூட இல்லை. எந்த நாட்டில் செய்தது, அதில் கதை என்று ஏதாவது உண்டா, யார் யாரைச் சுடுகிறார்கள், எதற்காகச் சுடுகிறார்கள் என்ற விவரம் ஒன்றும் இல்லை. பார்க்காத படத்துக்கு யாராவது விமர்சனம் எழுதி அனுப்பினால் உங்கள் சினிமா பக்கத்தில் அச்சிடுவீர்களா? படிக்காத நாவலுக்கு மதிப்புரை போடுவீர்களா? கேம் என்றால் மட்டும் அந்த விதி ஏன் தளர்ந்துவிடுகிறது என்று கேட்கவே இந்தக் கடிதம்.

நான் அஞ்சல் துறையில் கவுன்ட்டர் எழுத்தராகச் சேர்ந்து போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் பேத்தி, பள்ளி விட்டு வந்ததிலிருந்து அவர்கள் வீடு திரும்பும்வரை என் பொறுப்பு. அவள் கணினியில் என்ன விளையாடுகிறாள் என்பதைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். அப்படிப் பார்த்த ஒரு விளையாட்டைப் பற்றி, கட்டுரையாளர் விட்டுவிட்ட மாதிரியான விவரங்களோடு எழுதுகிறேன். சற்று நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் பெயர் 'ஸ்வோர்டு ஆர்ட் ஆன்லைன்: ஃபேட்டல் புல்லட்'. ஜப்பானில் 2018 பிப்ரவரி 8 அன்றும், மற்ற நாடுகளில் அதே மாதம் 23 அன்றும் வெளிவந்தது. வெளியிட்டது பண்டாய் நாம்கோ. உருவாக்கியது ஒசாகா பகுதியைச் சேர்ந்த டிம்ப்ஸ் என்ற நிறுவனம். அதை 2000-இல் தொடங்கியவர்களில் ஒருவரான தகாஷி நிஷியாமா, 1987-இல் வந்த முதல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டை இயக்கியவர். ஒரு படத்தின் இயக்குநர் யார், அவர் முன்பு என்ன எடுத்தார் என்று உங்கள் விமர்சகர் எழுதுவதில்லையா? அதைப் போன்ற தகவல்தான் இதுவும்.

கதையின் மூலம் ரெக்கி கவஹாரா எழுதிய நாவல் வரிசை. அந்த நாவல் பிறந்த விதம் எழுதும் ஆசையுள்ள எந்தப் பிள்ளைக்கும் சொல்லத் தகுந்தது. ஒரு பரிசுப் போட்டிக்காக அவர் எழுதத் தொடங்கினார். பக்க வரம்பைத் தாண்டிவிட்டதால் அனுப்ப முடியவில்லை. 2002 முதல் புனைபெயரில் இணையத்தில் தொடராக வெளியிட்டு வந்தார். வேறொரு கதைக்கு 2008-ஆம் ஆண்டின் டெங்கெகி நாவல் போட்டியில் முதற்பரிசு கிடைத்த பிறகுதான், 2009 ஏப்ரலில் இந்தக் கதை புத்தகமானது. 2012-இல் அனிமே எனப்படும் ஜப்பானியச் சித்திரப்படத் தொடராக வந்தது. துப்பாக்கி உலகம் வரும் பகுதி 2014-இல் இரண்டாம் பருவத்தில் ஒளிபரப்பானது.

தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் ஆட்டக்காரர் கணினிக்குள் இருக்கும் உலகத்துக்கே போய்விடுவார் என்பது கதையின் கற்பனை. அப்படிப்பட்ட உலகங்களில் ஒன்றுதான் 'கன் கேல் ஆன்லைன்'. போரில் பாழான பூமி, துருப்பிடித்த நகரம், எங்கும் துப்பாக்கிகள். ஃபேட்டல் புல்லட் நடப்பது அங்கேதான்.

இந்த வரிசையின் முந்தைய விளையாட்டுகளில் ஆட்டக்காரர் பெரும்பாலும் கதாநாயகன் கிரிட்டோவாகவே ஆடவேண்டும். இதில் தனக்கென்று ஓர் உருவத்தைத் தானே அமைத்துக்கொள்கிறார். சிறுவயதுத் தோழி குரேஹா அழைத்ததன்பேரில் அந்த உலகத்துக்குள் நுழையும் புதியவர் அவர். இடிபாடு ஒன்றுக்குள் அவருக்கு 'ஆர்ஃபா-சிஸ்' என்ற செயற்கை நுண்ணறிவுத் துணை கிடைக்கிறது. அதற்குப் பெயரும் தோற்றமும் தருவது ஆட்டக்காரரின் பொறுப்பு. என் பேத்தி செண்பகம் என்று பெயர் வைத்திருக்கிறாள். தொடக்கத்தில் ஒன்றும் தெரியாத செண்பகம், கூடவே வந்து, கேட்டு, பழகி, மெல்ல மெல்லத் தேறுகிறாள்.

சுடுவதுதான் இந்த விளையாட்டின் வேலை. அதை நான் மறைக்கவில்லை. எந்திரங்களையும் விசித்திரப் பிராணிகளையும் மற்ற ஆட்டக்காரர்களின் உருவங்களையும் சுடுகிறார்கள். எதிரி குறிவைத்தால் குண்டு வரப்போகும் வழி ஒரு சிவப்புக் கோடாகத் தெரியும். அதைப் பார்த்து விலக வேண்டும். சுடப்பட்ட உருவம் ஒளித் துண்டுகளாகச் சிதறி மறைந்துவிடும். இடையிடையே நீண்ட உரையாடல்கள். ஜப்பானியக் குரல், கீழே ஆங்கில எழுத்து. அதை நிறுத்தி நிறுத்தி எனக்குத் தமிழில் சொல்வதில் பேத்தியின் ஆங்கிலமும் தேறியிருக்கிறது, தமிழும் தேறியிருக்கிறது.

நான்கு பேர் கொண்ட அணியாகத்தான் கிளம்புகிறார்கள். கூட்டாளி ஒருவர் விழுந்துவிட்டால் குறித்த நேரத்துக்குள் அருகே போய் எழுப்பிவிட வேண்டும். குண்டு பறக்கும் நேரத்தில் இவள் மறைவிடத்தை விட்டு எழுந்து செண்பகத்தை நோக்கி ஓடுவாள். போகும் வழியிலேயே அடிபட்டு இவளும் விழுந்துவிடுவதுண்டு. மறுமுறையும் அதையேதான் செய்வாள். "முதலில் அந்த எதிரியை முடித்துவிட்டுப் போகலாமே" என்று நானே சொல்லிப் பார்த்தேன். "அதுவரைக்கும் அவள் கிடக்க வேண்டுமா பாட்டி?" என்று திருப்பிக் கேட்டாள். மனம் கல்லாகிவிடும் என்று எழுதியவர் இந்தப் பக்கத்து நாற்காலியில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தால் நன்றாயிருக்கும்.

அணியில் சேரும் பாத்திரங்களில் சினான் என்ற பெண் உண்டு. வெளிர் நீல முடி, தன் உயரத்துக்கு நிகரான தொலைதூரத் துப்பாக்கி. விளையாட்டை மட்டும் பார்ப்பவருக்கு அவள் குறி தவறாத வீராங்கனை, அவ்வளவுதான். அவள் யார் என்பது நாவலிலும் அனிமேயிலும் இருக்கிறது. பேத்தி அதையும் போட்டுக் காட்டினாள். இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

சினானின் உண்மைப் பெயர் ஷினோ அசாதா. தோக்கியோவில் தனியே தங்கிப் படிக்கும் பள்ளி மாணவி. பதினொரு வயதில் தாயோடு ஊர் அஞ்சலகத்துக்குப் போயிருந்தபோது ஒருவன் துப்பாக்கியை நீட்டிப் பணம் கேட்கிறான். ஊழியர் ஒருவரைச் சுட்டும் விடுகிறான். துப்பாக்கி தாயின் பக்கம் திரும்பும்போது அந்தச் சிறுமி பாய்ந்து அவன் கையைக் கடிக்கிறாள். துப்பாக்கி அவள் கைக்கு வருகிறது. சுடுகிறாள், அவன் இறந்துபோகிறான்.

அதன் பிறகு அந்தப் பிள்ளையால் துப்பாக்கியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. உடன் படிக்கும் பெண்கள் அவளிடம் காசு பிடுங்குவதற்கு ஆயுதம் எதுவும் கொண்டுவருவதில்லை. ஒருத்தி விரலைத் துப்பாக்கி போல மடக்கி நீட்டுவாள். அதைக் கண்டதுமே ஷினோவுக்குக் குமட்டல் வந்து, மூச்சு முட்டி, கால்கள் துவண்டுவிடும். கணினிக்குள் இருக்கும் உலகத்தில் மட்டும் துப்பாக்கியைப் பிடித்தால் உடம்பு நடுங்குவதில்லை என்று கண்டுகொள்கிறாள். அங்கே பலம் பெற்றுவிட்டால் வெளியிலும் பலம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் அவள் விளையாடுகிறாள். துப்பாக்கி ஒரு குழந்தைக்கு என்ன செய்துவிடும் என்பதை இவ்வளவு விரிவாகச் சொல்லும் கதையை, துப்பாக்கி மோகத்தை வளர்க்கும் கூட்டத்தில் சேர்ப்பது நியாயமா?

ஆசிரியர் அவர்களே, நான் உட்கார்ந்திருந்த கவுன்ட்டருக்கு முன்னால் ஒரு கம்பி வலை இருந்தது. முதியோர் உதவித்தொகையை மணியார்டராகக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அதற்கான ரொக்கம் தலைமை அஞ்சலகத்திலிருந்து வந்து இறங்கும் நாளில், கட்டுகளை எண்ணி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டும்வரை நாங்கள் யாரும் அதிகம் பேசமாட்டோம். வாசலில் புதுமுகம் தெரிந்தால் முத்திரை குத்தும் கை தானாக நின்றுவிடும். எங்கள் அலுவலகத்தில் அசம்பாவிதம் எதுவும் நடந்ததில்லை. ஆனாலும் அந்த அச்சம் என்ன என்பது கவுன்ட்டரில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கொள்ளைக் கதை எழுதுகிறவர்கள் கொள்ளையனைப் பற்றி எழுதுவார்கள், அவனைப் பிடித்தவரைப் பற்றி எழுதுவார்கள். உள்ளே இருந்த பெண் ஊழியர் என்ன ஆனார் என்று கேட்பதில்லை.

கவஹாரா கேட்டிருக்கிறார். அந்தப் பகுதியின் இறுதியில் கிரிட்டோவும் அவன் காதலி அசுனாவும் தேடிப்பிடித்து ஒரு பெண்ணை ஷினோவின் முன் அழைத்து வருகிறார்கள். அன்று அந்த அஞ்சலகத்தில் வேலையில் இருந்தவர் அவர். அப்போது கருவுற்றிருந்தார். இப்போது நான்கு வயது மகளோடு வந்திருக்கிறார். ஷினோ தான் கொன்றவனை மட்டுமே இத்தனை ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தாள். தன்னால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அந்தக் குழந்தை தன் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுக்கிறது. கிரேயானில் வரைந்த குடும்பப் படம். மேலே புதிதாகக் கற்ற எழுத்துகளில் ஷினோ அக்காவுக்கு என்று எழுதியிருக்கிறது. என்னையும் அம்மாவையும் காப்பாற்றியதற்கு நன்றி என்கிறது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். பேத்தி திரையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

இன்னொரு செய்தியும் உண்டு. உங்கள் வாசகர்களில் பிள்ளை பெற்றவர்கள் அனைவரும் அறிய வேண்டியது. அதே கதையில் 'டெத் கன்' என்ற பெயரில் ஒருவன் வருகிறான். விளையாட்டுக்குள் அவன் யாரைச் சுட்டாலும் அவர் தன் வீட்டிலேயே உண்மையாகவே இறந்துகிடக்கிறார். மாயமில்லை, மந்திரமில்லை. போட்டியில் பதிவு செய்யும்போது பரிசுப் பொருளை வீட்டுக்கு அனுப்புவதற்காகப் பெயரும் முகவரியும் கேட்கிறார்கள். அதை ஆட்டக்காரர்கள் தட்டச்சு செய்யும்போது, கண்ணுக்குத் தெரியாத போர்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலிருந்து படித்துவிடுகிறான். பிறகு அவன் விளையாட்டுக்குள் சுடும் அதே நேரத்தில் கூட்டாளி அந்த வீட்டுக்குள் புகுந்து, கருவி மாட்டி அசையாமல் கிடப்பவருக்கு மருந்தை ஊசியில் ஏற்றிவிடுகிறான். கொலைகாரர்களில் ஒருவன் ஷினோ நண்பன் என்று நம்பிப் பழகிய பையன். அவளுக்கு அந்த விளையாட்டை அறிமுகப்படுத்தியவனும் அவனே.

முகவரிகளோடு வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு யார் கடிதம் போடுகிறார்கள் என்பதைக்கூட வெளியே சொல்லக்கூடாது என்றுதான் எங்களைப் பழக்கினார்கள். இன்றோ பிள்ளைகள் ஒரு பரிசுக் கூப்பனுக்காகப் பெயர், பள்ளி, தெரு, கைபேசி எண் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத கட்டங்களில் நிரப்பிவிடுகிறார்கள். ஆன்லைன் விளையாட்டின் ஆபத்து என்று கட்டுரை எழுதுவதானால் இதைப் பற்றி ஒரு பத்தி வேண்டாமா? சென்ற வாரக் கட்டுரையில் இல்லை. அந்த ஜப்பானியக் கதையில் இருக்கிறது. அதைப் பார்த்து முடித்த அன்றே எந்த விளையாட்டிலும் முகவரி தருவதில்லை என்று பேத்தி தானாகச் சொன்னாள். நான் எத்தனையோ முறை சொல்லிக் காதில் ஏறாதது கதை சொன்னதும் ஏறிவிட்டது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஃபேட்டல் புல்லட்டில் பெண் பாத்திரங்களுக்குப் போட்டுவிட்டிருக்கும் உடைகளில் பல எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. துப்பாக்கிச் சண்டைக்குப் போகும் பெண்ணுக்கு வயிறும் தொடையும் தெரியும்படி உடை எதற்கு? சினானைப் போன்ற ஒரு பாத்திரத்தை எழுதிய கதைக்கு இது அவமரியாதை. பேத்தியிடமும் அப்படியே சொன்னேன். அவளுக்கும் அதே கருத்துதான். நிலவறைகள் ஒன்றைப் போலவே இன்னொன்று இருப்பதால் சலிப்புத் தட்டுகிறது. முதலில் விளையாட்டை விற்றுவிட்டுப் பிறகு கூடுதல் அத்தியாயங்களைத் தனித்தனியாக விற்றார்கள். எல்லாம் சேர்ந்த முழுப் பதிப்பு 2019-இல்தான் வந்தது. ஆசையோடு முதலிலேயே வாங்கியவர்களுக்கு அதனால் செலவு கூடியிருக்கும். விளையாடியவருக்குத்தான் இந்தக் குறைகள் கண்ணில் படும். பொத்தாம்பொதுவாகத் திட்டுகிறவருக்கு இவையும் தெரியாமல் போகின்றன.

கட்டுரையின் கடைசியில் ஆன்லைன் ரம்மியையும் இந்த விளையாட்டுகளையும் ஒரே மூச்சில் சேர்த்து எழுதியிருந்தது மனத்துக்கு வருத்தமாக இருந்தது. சூதாட்டத்தில் பணத்தை இழந்து குடும்பங்கள் சிதைந்ததை நாம் கண்ணெதிரே பார்த்தோம். அதற்காகத்தான் தமிழக அரசு 2022-இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்துவிட்டு, மற்ற விளையாட்டுகளைத் தனி வகையாகப் பிரித்தே வைத்திருக்கிறது. சட்டம் பிரித்ததைப் பத்திரிகை ஏன் சேர்க்க வேண்டும்? ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, வீட்டில் தனியாகவே கதையை ஆடி முடிக்கக்கூடிய ஒரு விளையாட்டுக்கும் சீட்டாட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? கதைக்குள் வரும் கன் கேல் ஆன்லைனில் வென்ற பணத்தை உண்மைப் பணமாக மாற்றிக்கொள்ளலாம், அதை வைத்தே பிழைப்பவர்களும் உண்டு. அதன் விளைவுகளைக் கதாசிரியர் மூடி மறைக்காமல் எழுதியிருக்கிறார். பொறாமையும் காழ்ப்பும் கொலை வரைக்கும் போவது அந்த உலகத்தில்தான். நம் வீட்டுக் கணினியில் ஓடும் ஃபேட்டல் புல்லட்டில் அப்படிப் பணமாக்கும் வழியே இல்லை.

எல்லா விளையாட்டும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. மற்ற விளையாட்டுகளை நான் பார்க்கவில்லை, ஆகவே அவற்றைப் பற்றி எழுதவும் மாட்டேன். பேத்திக்கு விளையாட்டு நேரம் வீட்டுப்பாடம் முடிந்த பிறகுதான். இரவு உணவுக்குப் பின் கணினியைத் தொடக்கூடாது. அந்தக் கண்டிப்பில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் கண்டிப்பு வேறு, கண்ணை மூடிக்கொண்டு தூற்றுவது வேறு. நாம் பார்க்காமல் திட்டுகிறோம் என்பது பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நாம் சொல்லும் நியாயமான எச்சரிக்கையையும் அவர்கள் கேட்பதில்லை.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வாரம் ஒரு விளையாட்டைப் பற்றிக் கால் பக்கம் ஒதுக்குங்கள். அதை முழுதும் ஆடி முடித்த ஒருவரை எழுதச் சொல்லுங்கள். யார் செய்தது, கதை எங்கிருந்து வந்தது, எந்த வயதினருக்கு ஏற்றது என்பதை எழுதட்டும். ஒருமுறை வாங்கினால் போதுமா, வாங்கிய பிறகும் காசு கேட்டுக்கொண்டே இருக்குமா, முன்பின் தெரியாதவர்கள் பேச வழியிருக்கிறதா, பெயர் முகவரி கேட்கிறதா என்பதையும் எழுதட்டும். பிடித்திருந்தால் ஏன் என்றும் பிடிக்காவிட்டால் ஏன் என்றும் சொல்லட்டும். கடுமையாகவே எழுதட்டும், படித்துவிட்டுப் பேத்தியோடு சேர்ந்து விவாதிக்க நானும் தயார். ஊருக்கு ஊர் இப்படி ஆடி முடித்த இளைஞர்கள் இருக்கிறார்கள், தமிழில் எழுதவும் தெரிந்தவர்கள். கேட்பார்தான் இல்லை.

இத்துடன் ஃபேட்டல் புல்லட்டைப் பற்றிப் பேத்தி தன் கையால் எழுதிய ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன். நான் ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தினேன். கருத்தில் கை வைக்கவில்லை. உடைகளைப் பற்றி என்னைவிடக் காட்டமாக எழுதியிருக்கிறாள். பிரசுரிக்கத் தகுதியாக இருந்தால் வெளியிடுங்கள். இல்லையென்றால் எங்கே திருத்த வேண்டும் என்று இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்புங்கள். அஞ்சல்தலை ஒட்டி முகவரி எழுதிய உறை உள்ளே இருக்கிறது. என் முகவரியைத் தயவுசெய்து அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
கோ. வைதேகி
ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர்
மன்னார்குடி